சோடாவும் கலரும்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாயுபானப் பெயர்களின் சமூக வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரியின் ஊரகக் கொம்யூன்களான வில்லியனூரும் பாகூரும் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தவை. ஆயினும் அங்குள்ள பெட்டிக்கடைகளில் வழங்கும் சோடா, கோலி சோடா, கலர், கூல்டிரிங்ஸ் ஆகிய சொற்கள் சுற்றியுள்ள கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் வழக்கோடு ஒன்றிப்போகின்றன. இந்த ஒற்றுமையின் காரணத்தை இக்கட்டுரை சொல்லின் ஒலி, பொருள், பண்டம் பயணித்த வழி ஆகிய மூன்று நிலைகளில் ஆராய்கிறது. அன்றாடப் பண்டங்களின் பெயர்களுக்கு எல்லை வகுத்தது அரசியல் எல்லைக்கோடு அன்று, புட்டி சென்று திரும்பிய சந்தையின் பரப்பே என்பதை இது நிறுவ முயல்கிறது. புதுச்சேரித் தமிழைப் பிரெஞ்சுக் கடன்சொற்களைக் கொண்டே அடையாளம் காணும் போக்கு ஊரக வழக்கை மறைத்துவிடுகிறது என்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: வட்டார வழக்கு, கடன்சொல், சோடா, கலர், கோலி சோடா, புதுச்சேரி, வில்லியனூர், பாகூர், பண்ட வரலாறு.

1. முன்னுரை

தமிழ் வட்டார வழக்காய்வில் உறவுமுறைச் சொற்கள், வேளாண் சொற்கள், மீன்பிடிச் சொற்கள் ஆகியன ஓரளவு தொகுக்கப்பட்டுள்ளன. கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி இத்துறையில் ஒரு திருப்புமுனை. கரிசல் மண்ணின் சொற்களைத் தொகுத்த அவர் தம் வாழ்வின் பிற்பகுதியைப் புதுச்சேரியில் கழித்து 2021இல் அங்கேயே மறைந்தார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. ஆனால் கடையில் விலைகொடுத்து வாங்கும் பண்டங்களின் பெயர்கள் வட்டார வழக்காக எண்ணப்படுவது அரிது. அவை ஆங்கிலக் கடன்சொற்கள், எங்கும் ஒன்றுபோல் வழங்குபவை என்ற எண்ணமே இதற்குக் காரணம்.

இந்த எண்ணம் ஆராயத்தக்கது. அமெரிக்க ஆங்கிலத்தில் இனிப்பூட்டிய வாயுபானத்தை வடகிழக்கு மாநிலத்தவர் 'சோடா' என்றும், நடுமேற்கு மாநிலத்தவர் 'பாப்' என்றும், தென்மாநிலத்தவர் எந்தக் குழுமத்தின் பானமாயினும் 'கோக்' என்றும் வழங்குகின்றனர். நடுமேற்கின் இடையே செயிண்ட் லூயிஸ் நகரைச் சுற்றிய பகுதி 'சோடா' என்னும் தீவாக நிற்கிறது. ஒரு குளிர்பானத்தின் பெயரைக் கொண்டே ஒரு நாட்டின் வழக்கெல்லைகளை வரைய இயலும் என்பதை அங்குள்ள கிளைமொழி ஆய்வுகள் காட்டிவிட்டன. தமிழ்நிலத்தில் அத்தகைய கேள்வியை எழுப்புவதற்குப் புதுச்சேரியின் ஊரகக் கொம்யூன்களைவிடப் பொருத்தமான களம் காண்பதரிது. மக்கள் மொழி ஒன்று, ஆட்சிமொழி வேறு, எல்லைக்கோடோ வயல் வரப்பின் மீது செல்வது என்ற நிலை இங்கு நெடுங்காலம் நிலவியது.

இக்கட்டுரையில் 'வாயுபானம்' என்பது கரியமில வாயு ஏற்றப்பட்ட, மதுவல்லாத பானங்கள் அனைத்துக்குமான பொதுக் குறியீடாகக் கையாளப்படுகிறது.

2. களமும் அதன் எல்லையும்

புதுச்சேரி வட்டாரத்தின் ஊரகப் பகுதி அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. 'கொம்யூன்' என்பதே பிரெஞ்சு ஆட்சியின் எச்சம். 1973ஆம் ஆண்டின் புதுச்சேரி கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டத்திலும் அச்சொல் நிலைத்துவிட்டது. வரி கட்டவும் சான்றிதழ் பெறவும் செல்லும் எழுத்தறியாத மூதாட்டிக்கும் அது பழகிய சொல்.

வில்லியனூர் புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையிலும் இருப்புப்பாதையிலும் அமைந்த ஊர். 1879இல் திறக்கப்பட்ட அந்த இருப்புப்பாதை, பிரெஞ்சுப் பகுதியைச் சென்னை மாகாணத்தின் தொடர்வண்டி வலையமைப்போடு இணைத்தது. திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த மரபு, இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கும் மரபாகத் தொடர்கிறது. பாகூர் தெற்கே, புதுச்சேரி நகரைவிடக் கடலூருக்கு அணித்தாக உள்ளது. பல்லவர் காலத்துக் கல்விநிலையத்தைப் பற்றிய செப்பேட்டால் வரலாற்றறிஞர்கள் அறிந்த ஊர் அது. 1752இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அவ்வூரருகே போரிட்டனர்.

இப்பகுதியின் எல்லை ஒரே கோடாக அமைந்ததன்று. பிரெஞ்சு ஊர்களும் ஆங்கிலேய ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று திட்டுத்திட்டாகக் கிடந்தன. இன்றும் பேருந்தில் செல்வோர் சில கல் தொலைவுக்குள் இரு அரசுகளின் பெயர்ப்பலகைகளை மாறிமாறிக் காணலாம். 1941இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் பிரெஞ்சு இந்தியாவுக்கும் இடையே சுங்க ஒன்றியம் ஏற்பட்டது. விடுதலைக்குப் பின் 1949இல் அது முடிவுற்றதும் சுங்கத் தடைகள் கடுமையாயின. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பேராளர்களுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவுற்றது.

3. பண்டத்தின் வரலாறு

ஜோசப் பிரீஸ்ட்லி 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், மதுவடிப்பாலையின் புளிப்புத் தொட்டிகளுக்கு மேல் தேங்கும் வாயுவை நீரில் கரைத்தார். ஜெனீவாவில் ஷ்வெப் 1783இல் அதனை வணிகமாக்கினார். வாயுவை அடக்கிவைக்கும் புட்டியே நெடுங்காலச் சிக்கலாக இருந்தது. 1870களின் தொடக்கத்தில் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர், கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் குண்டை வைத்த புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். புட்டியைத் தலைகீழாக வைத்து நிரப்பி நிமிர்த்தினால், உள்ளழுத்தம் குண்டை மேலே தள்ளி ரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடிவிடும். குடிப்பவர் குண்டைக் கட்டைவிரலால் உள்ளே தள்ள வேண்டும். சாய்க்கும்போது குண்டு மீண்டும் வாயை அடைக்காதிருக்கக் கழுத்தில் இரு பள்ளங்கள் உண்டு.

1892இல் அமெரிக்காவில் தகர மூடி கண்டுபிடிக்கப்பட்டபின் மேலைநாடுகளில் குண்டுப் புட்டி மெல்ல மறைந்தது. இந்தியாவிலும் ஜப்பானிலும் அது நிலைத்தது. மூடி வாங்கும் செலவில்லை, புட்டியை மீண்டும் மீண்டும் நிரப்பலாம், கையால் சுழற்றும் ஓர் எந்திரமும் வாயு உருளையும் இருந்தால் சிற்றூரிலும் தொழில் தொடங்கலாம் என்பன அதற்கான காரணங்கள்.

இத்தொழிலின் கணக்கு, புட்டி திரும்பி வருவதில் அடங்கியிருந்தது. உள்ளே இருக்கும் நீரைவிடப் புட்டியின் விலை அதிகம். ஆகவே சோடா போடுபவர் மிதிவண்டியிலோ மாட்டுவண்டியிலோ சென்று நிறைபுட்டியை வைத்துவிட்டு வெறும்புட்டியை எடுத்துவரக்கூடிய தொலைவே அவருடைய சந்தையாயிற்று. ஊருக்கு ஊர், வட்டாரத்துக்கு வட்டாரம் தனித்தனி மார்க்குகள் தோன்றியதும் இதனால்தான். 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் தென்மாவட்டங்களில் வேரூன்றிப் பின்னரே பிற பகுதிகளுக்குப் பரவியது. மதுரைப் பக்கம் மாப்பிள்ளை விநாயகர் பெயர்பெற்றிருந்தது. பண்டம் எத்தனை தூரம் சென்றதோ, அத்தனை தூரம் அதன் பெயரும் சென்றது. இக்கட்டுரையின் வாதத்திற்கு இதுவே அடிப்படை.

4. பெயரிடும் அடிப்படைகள்

கொம்யூன்களில் வழங்கும் பெயர்களை அவை எதனைச் சுட்டிப் பிறந்தன என்ற அடிப்படையில் ஐந்தாகப் பகுக்கலாம்.

அ) சேர்பொருள்: சோடா. ஆங்கிலத்தின் 'சோடா வாட்டர்' சுருங்கியது. தமிழில் இச்சொல்லுக்கு ஒரு சுற்றமே உண்டு. ஆப்ப சோடா, சலவை சோடா, சோடா உப்பு என்பவற்றில் அது உப்பைக் குறிக்கும். அடைமொழியின்றித் தனித்து வரும்போது குடிக்கும் சோடாவையே குறிக்கும்.

ஆ) புட்டியின் உறுப்பு: கோலி சோடா. சிறுவர் விளையாடும் கோலிக்குண்டே இங்கு அடைமொழி. வடமொழிகளில் 'கோலி' என்பது உருண்டை என்னும் பொருளில் வழங்குவது. கேரளத்தில் இதே புட்டி 'வட்டு சோடா', ஆந்திரத்தில் 'கோலி சோடா', தில்லியில் 'பண்டா'. ஜப்பானியர் புட்டியை விட்டுப் பானத்தின் பெயரைப் பற்றினர். அவர்களின் 'ராமுனே', ஆங்கில 'லெமனேட்' என்பதன் திரிபு.

இ) நிறம்: கலர். சாயமும் சர்க்கரையும் சேர்ந்த வாயுபானம் எதுவாயினும் கலர். சிவப்பும் ஆரஞ்சும் பச்சையும் இதன் வகைகள்.

ஈ) குளிர்ச்சி: கூல்டிரிங்ஸ். குளிர்பதனப் பெட்டியும் தகர மூடிப் புட்டியும் கடைகளுக்கு வந்தபின் பரவியது. எழுத்து வழக்கின் 'குளிர்பானம்' இதன் மொழிபெயர்ப்பு.

உ) சுவையும் மார்க்கும்: பன்னீர் சோடா, இஞ்சி சோடா, லெமன் சோடா என்பன சுவையால் வந்தவை. பொவண்டோ, கோல்டு ஸ்பாட், பெப்சி என்பன மார்க்கால் வந்தவை.

இவற்றுள் எதுவும் வாயுவைச் சுட்டிப் பிறக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. ஆங்கிலத்தின் 'பாப்' மூடி திறக்கும் ஒலியைச் சுட்டுகிறது. மலேசியாவின் மலாய் வழக்கில் வாயுநீர் என்றே பெயருண்டு. தமிழ்ப் பேச்சிலோ வாயு, பானம் கெட்டபோதுதான் நினைக்கப்படுகிறது: 'கேஸ் போயிடுச்சு'. ஒலியும் அழுத்தமும் பெயரில் இடம்பெறாவிட்டாலும் வினையில் இடம்பெற்றன. சோடாவைத் 'திறப்பது' இல்லை, 'உடைப்பது'. 'ஒரு சோடா ஒடைங்க' என்பதில் புட்டி உடைவதில்லை. குண்டு உள்ளே விழும் ஓசையே வினையாகியுள்ளது. தகர மூடிப் புட்டிக்கும் இவ்வினை சில காலம் நீண்டது. திருகுமூடி கொண்ட பிளாஸ்டிக் புட்டிக்கு அது பொருந்தாமல் மறைந்துவருகிறது.

5. சோடா, கலர் என்னும் இருமை

தமிழ்நாட்டு ஊர்ப்புற வழக்கைப் போலவே கொம்யூன்களிலும் அடிப்படையான பாகுபாடு சோடாவுக்கும் கலருக்கும் இடையிலானது. சோடா இனிப்பற்றது, நிறமற்றது. கலர் இனிப்புடையது, நிறமுடையது. இப்பாகுபாடு பொருளோடு நிற்காமல் சமூகப் பயன்பாட்டிலும் தொடர்கிறது.

சோடா தேவைக்குரியது. செரிமானக் கோளாறுக்கும் மயக்கத்துக்கும் அதுவே முதலுதவி. பொதுக்கூட்ட மேடையில் தொண்டை கட்டிய பேச்சாளருக்கு நீளும் புட்டியும் சோடாவே. கலவரத்தில் வீசப்படுவது சோடாப்புட்டி. தடித்த கண்ணாடி அணிந்தவர் சோடாபுட்டி. மதுவோடு கலப்பதும் அதுவே. சென்னை மாகாணம் முழுவதும் 1948இல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுப் பகுதி அதற்கு வெளியே இருந்தது. இன்றளவும் உரிமம் பெற்ற சாராயக்கடைகளும் கள்ளுக்கடைகளும் புதுச்சேரி ஊரகத்தின் தனித்தன்மை. இச்சூழல் சோடாவை ஆண்களின் பொதுவெளியோடு மேலும் பிணைத்தது எனலாம்.

கலர் உபசரிப்புக்குரியது. வீட்டிற்கு வந்த சம்பந்திக்கும், பெண் பார்க்க வந்தோர்க்கும், ஊரிலிருந்து வந்த அத்தைக்கும் பிள்ளையைக் கடைக்கு ஓடவிட்டு வாங்கித் தருவது கலர். 'கலர் குடிக்கிறீங்களா?' என்ற கேள்வி காப்பிக்கு அடுத்த படியான மரியாதை. திருவிழாவில் பிள்ளைகள் அடம்பிடித்துப் பெறுவதும் அதுவே. விருந்தினரிடம் 'சோடா குடிக்கிறீங்களா?' என்று கேட்டால் அவருக்கு உடம்புக்கு என்ன என்று கேட்பதாகிவிடும்.

இவ்விருமை எத்தனை இயல்பானது என்பதை வரிச்சட்டமும் காட்டுகிறது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, இனிப்போ மணமோ சேராத வாயுநீர் 18 விழுக்காட்டு வரியிலும், இனிப்போ மணமோ சேர்ந்த வாயுநீர் 28 விழுக்காட்டு வரியிலும் அதற்குமேல் 12 விழுக்காட்டு இழப்பீட்டு வரியிலும் வைக்கப்பட்டன. சட்டம் நீண்ட தொடர்களால் வகுத்த அதே கோட்டைப் பெட்டிக்கடை இரு சொற்களால் முன்பே வகுத்திருந்தது.

இருமை எல்லாத் தமிழ் வழக்குகளுக்கும் பொதுவன்று. ஈழத்தமிழில் சோடா என்பதே இனிப்பு வாயுபானங்கள் அனைத்துக்குமான பொதுப்பெயர். அங்கு எலிபன்ட் ஹவுஸ் குழுமத்தின் நெக்டோவும் ஒரேஞ்சும் சோடாக்களே. யாழ்ப்பாணத்தில் விருந்தினருக்குச் 'சோடா' கொடுப்பது இயல்பான உபசாரம். கொம்யூன்காரர் அதனைக் கேட்டால் வியப்பார். பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த இரு தமிழ்நிலங்களில் ஒரே கடன்சொல் இருவேறு பொருள்களில் நிலைத்தது; பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த பாகூரும் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த கடலூரும் ஒரே பொருளில் அதனை ஆண்டன. ஆட்சியைக் கொண்டு வழக்கைக் கணிக்க இயலாது என்பதற்கு இந்த ஒப்பீடே போதிய சான்று.

6. பிரெஞ்சு வழியா, ஆங்கில வழியா?

கொம்யூன்களின் சொற்கள் எவ்வழி வந்தன என்பதற்கு இரு சான்றுகள் உள்ளன.

முதலாவது ஒலிச்சான்று. 'சோடா' என்ற வடிவம் தனித்து நின்றால் எதனையும் தெளிவுபடுத்தாது; பிரெஞ்சு மொழியிலும் 'சொதா' என்னும் சொல் உண்டு. ஆயினும் பிரெஞ்சின் தகரவொலி தமிழில் தகரமாகவே வந்திருக்கும். இங்கோ டகரம் உள்ளது. 'கலர்' ஐயத்துக்கு இடமின்றி ஆங்கில வடிவம். பிரெஞ்சின் 'கூலேர்' வழியாக வந்திருந்தால் முதல் உயிர் உகரச் சாயல் பெற்றிருக்கும்.

இரண்டாவது பொருட்சான்று. இது இன்னும் வலியது. பிரெஞ்சு மொழியில் இன்று 'சொதா' என்பது இனிப்பும் மணமும் சேர்ந்த வாயுபானத்தைக் குறிக்கும். எலுமிச்சைச் சுவையுடைய இனிப்பு வாயுபானத்துக்கு 'லிமொனாத்' என்று பெயர். இனிப்பற்ற வாயுநீருக்கு வேறு தொடர்கள் உள்ளன. கொம்யூன்களிலோ 'சோடா' இனிப்பற்ற நீர். இது இந்திய ஆங்கிலத்தின் 'சோடா வாட்டர்' பொருளோடு மட்டுமே பொருந்துகிறது. சொல்லின் வடிவமும் பொருளும் ஒரே திசையைக் காட்டுகின்றன: அவை சென்னை மாகாணச் சந்தையிலிருந்து வந்தவை.

எந்த ஊர் வழியாக என்பதையும் நிலவியல் விளக்குகிறது. வில்லியனூருக்கு விழுப்புரம் இருப்புப்பாதையும், பாகூருக்குக் கடலூர்ச் சாலையும் வழிகளாயின. வாரச்சந்தையும், பெண் கொடுத்து எடுக்கும் உறவும், கூலிவேலையும் எல்லையைக் கடந்தே நடந்தன. அரசு அலுவலகம் கொம்யூனுக்கு ஒன்று என்பதால் அதன் சொல் பிரெஞ்சாயிற்று. கடை தெருவுக்கு ஒன்று என்பதால் அதன் சொல் அண்டை ஊரின் சொல்லாயிற்று. ஒரே மனிதர் காலையில் 'கொம்யூனுக்கு'ப் போய் மாலையில் 'கலர்' குடித்தார். அவர் பேச்சில் இரு பேரரசுகளும் தத்தமக்குரிய துறைகளில் மட்டும் தடம் பதித்துள்ளன.

இது புதுச்சேரித் தமிழ் பற்றிய பொதுப்பார்வையை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. புதுச்சேரித் தமிழ் என்றதும் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற நகரக் குடும்பங்களின் பேச்சும், அதில் கலந்த பிரெஞ்சுச் சொற்களுமே எடுத்துக்காட்டுகளாகின்றன. அவை உண்மையே, ஆனால் அவை ஒரு வகுப்பின், ஒரு நகர்ப்பகுதியின் உண்மை. உழவரும் தொழிலாளரும் வாழும் கொம்யூன்களின் வழக்கு 'கடலூர்த் தமிழ்தானே' என்று ஒதுக்கப்படுகிறது. அது கடலூர்த் தமிழாக இருப்பதே வரலாற்றுச் செய்தி. அயலாட்சியின் எல்லை ஊர்மக்களின் நாவை எட்டவில்லை என்பதற்கு அது சான்றாகிறது.

7. சொற்கள் இடம்பெயர்ந்த காலம்

1977இல் கோகோ கோலா இந்தியாவை விட்டு வெளியேறியது. அவ்விடத்தைத் தம்ஸ் அப், கேம்பா கோலா, அரசு நிறுவனத்தின் '77' போன்றவை நிரப்பின. 1990இல் பெப்சியும் 1993இல் மீண்டும் கோகோ கோலாவும் வந்தன. பார்லே குழுமத்தின் கோல்டு ஸ்பாட், லிம்கா, தம்ஸ் அப் ஆகியன கோகோ கோலாவின் கைக்கு மாறின. திரும்பக் கொடுக்கத் தேவையில்லாத பிளாஸ்டிக் புட்டி பரவியதும் 'புட்டி திரும்பும் தூரம்' என்ற வரம்பே இல்லாமற்போயிற்று. நெடுந்தொலைவிலுள்ள ஆலை பாகூர்க் கடைக்குப் பண்டமும் பெயரும் ஒருசேர அனுப்பலாயிற்று.

சொல்வழக்கில் இதன் விளைவு இருவகை. கலர் முதியோர் சொல்லாகி, அதன் இடத்தில் இளையோர் கூல்டிரிங்ஸ் என்றோ மார்க்குப் பெயரையோ ஆள்கின்றனர். மறுபுறம், ஊர்வழக்கு மார்க்குப் பெயரையும் தன் வழிக்குத் திருப்பியது. பிளாஸ்டிக் உறைக்குழாயில் உறையவைத்த சர்க்கரை நீரைத் தமிழகச் சிறுவர் 'பெப்சி' என்றே வாங்குகின்றனர். வாயுவும் இல்லை, அந்தக் குழுமத்துக்கும் தொடர்பில்லை. பன்னாட்டுப் பெயர் ஒன்று மலிவான குச்சியில்லா ஐசின் பெயராகிவிட்டது.

2017 சனவரியில் நடந்த சல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை எனத் தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அறிவித்தன. அப்போது பொவண்டோவும் பன்னீர் சோடாவும் உள்நாட்டு அடையாளங்களாக மீண்டும் பேசப்பட்டன. 2014இல் வெளிவந்த 'கோலி சோடா' திரைப்படத்தின் பெயரே அச்சொல்லின் பழமை உணர்வைப் பயன்கொண்டது. எனினும் மீட்கப்பட்டவை மார்க்குகளும் புட்டியும்தான். 'கலர்' அவ்வாறு மீளவில்லை. அதற்கு உரிமையாளர் யாருமில்லை. விளம்பரம் செய்வாரும் இல்லை. பொதுச்சொல்லாக இருந்ததே அதன் வலிமை, அதுவே அதன் அழிவுக்கும் வழியாகிறது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன:

1. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் வாயுபானப் பெயர்கள் ஒலியாலும் பொருளாலும் சென்னை மாகாண வழக்கைச் சார்ந்தவை. பிரெஞ்சு வழி வந்தவை அல்ல.

2. ஆட்சித்துறைச் சொல் அரசைப் பின்பற்றியது. கடைச்சொல் சந்தையைப் பின்பற்றியது. குண்டுப் புட்டி சென்று திரும்பிய தொலைவே அச்சந்தையின் பரப்பை வரையறுத்தது.

3. சோடா, கலர் என்னும் இருமை பண்ட வேறுபாட்டோடு தேவை, உபசரிப்பு என்னும் சமூக வேறுபாட்டையும் தாங்கியது. கூல்டிரிங்ஸ் என்ற ஒற்றைச் சொல் பரவும்போது இவ்வேறுபாடு சொல்லளவில் மறைகிறது.

4. கடைப் பண்டங்களின் கடன்சொற்கள் வட்டார வழக்காய்வுக்கு உரிய தரவுகளே. அவற்றின் வருகைக் காலம் தெரிவதால் சொல் பரவிய வழியை அவற்றில் தெளிவாகத் தொடர முடிகிறது.

சுங்க எல்லை இருந்த காலத்தில் கடை வைத்திருந்தோரும் சோடா எந்திரம் சுழற்றியோரும் இன்று முதுமையில் உள்ளனர். கொம்யூன்தோறும் தலைமுறைவாரியாக இச்சொற்களை ஒலிப்பதிவோடு தொகுத்து, எல்லைக்கு அப்பாலுள்ள கடலூர், விழுப்புரம் ஊர்களின் வழக்கோடு இணைத்து வரைபடமாக்குவது புதுச்சேரியின் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும் மொழியியல் நிறுவனமும் உடனே மேற்கொள்ளத்தக்க பணி. அவ்வரைபடத்தில் 1954க்கு முந்தைய பன்னாட்டு எல்லை ஒரு வழக்கெல்லையாகத் தோன்றுகிறதா என்பதே இக்கட்டுரையின் முடிவுக்கான அடுத்த சோதனையாக அமையும்.